பாட்டி எண்ணச் சொன்ன கோபுரம்

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். பதின்மூன்று நிலை, 236 அடி! என் பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்தபோது அது அச்சுதராயர் காலத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம்.

"பெருமாள் முடிச்சுப்பார்" என்று தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பாளாம். அதை விற்ற காசைத் துணியில் முடிந்து வைத்து, திருப்பணி தொடங்கியதும் கொண்டுபோய்க் கொடுத்தாள். (இளையராஜா ஒரு நிலையையே கட்டிக் கொடுத்தார். பாட்டியின் காசு நாலு செங்கல் பெறுமோ என்னவோ!) 1987 மார்ச் 25-ந் தேதி கும்பாபிஷேகம். அதற்குள் பாட்டிக்குப் பார்வை போய்விட்டது.

பிற்பாடு மாலைதோறும் திண்ணையில் என்னை நிறுத்தி, "நிலையை எண்ணிச் சொல்லுடா" என்பாள். ஒரு நாள் விளையாட்டு அவசரத்தில் "பன்னிரண்டு" என்றுவிட்டேன். பதறிப்போய்க் கைத்தடியைத் தேடினாள்.

"ஐயோ, எதுடா விழுந்தது?"

விரல் நீட்டி, நிதானமாக, மறுபடி எண்ணினேன். பதின்மூன்று வந்த பிறகுதான் பாட்டி உட்கார்ந்தாள்.