கப்பல் சேரும் நேரமும் நாம் இறங்கும் நேரமும்

பனச்சமூட்டில் பிறந்தவர்களுக்கு எல்லை என்பது பெரிய விஷயமன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா அந்நாளைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் எல்லைக்கோடு நம் ஊரருகே செல்கிறது. ஆயினும் இப்பக்கம் தேநீர் அருந்திவிட்டு, யாரையும் கேளாமல் அப்பக்கம் சென்று வருகிறோம். இப்படிப் பழகிய கால்களுக்குக் கப்பலிலிருந்து இறங்கும் நாள் ஒரு சோதனை. கரை கண்ணெதிரே இருக்கும். உத்தரவு வரும்வரை அடியெடுத்து வைக்க இயலாது.

கொச்சி வில்லிங்டன் தீவில் 2021-ஆம் ஆண்டு ‘சாகரிகா’ என்னும் உல்லாசக் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. 2022-இல் சென்னையிலிருந்தும் இத்தகைய கப்பல் பிரயாணம் தொடங்கியது. வெளியூரில் வாழும் நம்மவர் குடும்பங்கள் இனிக் கப்பலேறி ஊர் திரும்புவதும் உண்டு. ஆதலின் நமக்கு நேர்ந்த ஒன்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

நம் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்திக் காது குத்துவதுதானே வழக்கம்? மும்பையில் உத்தியோகம் பார்க்கும் நம் மைத்துனர், அன்று காலை 7 மணிக்குக் கப்பல் கொச்சி சேரும் என்று தெரிவித்தார். நாம் இரயில்வேயில் குமாஸ்தா. நேரக் கணக்கு நமக்குப் பழகிய தொழில். எறணாகுளத்திலிருந்து 10 மணியளவில் புறப்படும் வண்டியில் நாமே அவருக்கு இடம் பதிவு செய்தோம். பிற்பகல் 3 மணிக்குப் பாறசாலையில் இறங்கிவிடலாம். நல்ல நேரமோ மாலை 4.30. கணக்கு மிகச் சரி என்று மகிழ்ந்தோம்.

கப்பலும் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் மைத்துனர் கரையில் கால் வைத்தபோது மணி 10.15. வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் நெருக்குண்டு அவர் வீடு சேரும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது. முறையில் மாமனான வேறொருவர் மடியில் இருத்திக் காது குத்தி முடித்திருந்தோம். குழந்தை உறங்கிவிட்டாள். மாமன் வாங்கி வந்த தோடு பெட்டியிலேயே இருந்தது.

தவறு கப்பலுடையதன்று, நம்முடையது. இரயில் வந்து நின்றால் பிரயாணி இறங்கலாம். கப்பலிலோ சேர்வது வேறு, இறங்குவது வேறு. துறைமுகப் பைலட் வழிகாட்ட, கப்பல் மெல்ல வந்து கரையில் கட்டப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலாயின், சுகாதாரம், குடியேற்றம், சுங்கம் ஆகிய இலாகாக்களின் அனுமதியும் வேண்டும். பெரிய பெட்டிகள் முன்னதாகக் கரைக்கு இறக்கப்படும். பிறகே பிரயாணிகளை எண் வாரியாகவோ நிற வாரியாகவோ பகுதி பகுதியாக அழைப்பார்கள்.

இக்காத்திருப்பு நம்மவர்க்குப் புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது. அக்காலத்தில் மேல்தளப் பிரயாணிகள் பலர் சிங்கப்பூரைக் கண்ணால் கண்டும் நகருக்குள் புக இயலாமல், நோய்த்தடுப்பின் பொருட்டுச் செயிண்ட் ஜான் தீவில் நாட்கணக்கில் தங்க நேர்ந்தது. அதை எண்ணினால் நம் மூன்று மணி நேரம் எம்மாத்திரம்?

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்வோம். முதல் நாள் இரவே கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அடையாளச் சீட்டுக் கட்டிய பெட்டிகளைச் சொன்ன நேரத்துக்குள் அறை வாசலில் வைத்துவிடுங்கள். மருந்து, பத்திரங்கள், நகை, குழந்தையின் பால்புட்டி, காலையில் உடுத்தும் உடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுடையையும் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டு, இரவு உடுத்திய கைலியோடு நிற்பவர்களும் உண்டாம்! எல்லாப் பெட்டிகளையும் தாமே சுமக்க வல்லவர் முன்னதாக இறங்கக் கப்பலில் பெரும்பாலும் வசதி உண்டு. பாட்டியும் பிள்ளைகளுமாகச் செல்லும் குடும்பத்துக்கு அது உதவாது.

காலையில் குறித்த நேரத்தில் அறையைக் காலி செய்யுங்கள். பெரும்பாலும் அன்று பிற்பகலே அடுத்த பிரயாணிகள் அவ்வறைக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் ஊழியர்கள் அதைத் துப்புரவு செய்தாக வேண்டும். நம் எண்ணை அழைக்குமுன் இறங்குபாலத்தருகே கூடி நிற்பதும், மாடிப்படியில் மூட்டை வைப்பதும் பிறர் வழியை மறிப்பதாகும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மின்தூக்கியை விட்டுக்கொடுங்கள். அறை ஊழியரிடம் விடைபெறும்போது நன்றி சொல்ல மறவாதீர்கள். அவரும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவர். அத்துயரை நாம் அறியாதவர்களல்லோம்.

இரயிலுக்கு இடம் பதிவு செய்வோர், கப்பல் சேரும் நேரத்தோடு ஐந்து மணி நேரமேனும் கூட்டிக்கொள்ளுங்கள். துறைமுகத்திலிருந்து இரயில் நிலையம் செல்லச் சாலை நெரிசலையும் கடக்க வேண்டும். வீட்டில் விசேஷமாயின் முந்தைய நாளே ஊர் சேருமாறு புறப்படுங்கள்.

நம் இளைய மகனுக்குக் காதுகுத்து வரும் தை மாதத்தில் வைத்திருக்கிறோம். மைத்துனர் இரண்டு நாள் முன்னதாகவே வருகிறார். இம்முறை பதிவுச்சீட்டை அவரே எடுத்துக்கொண்டார், நம்மைக் கேட்கவில்லை.