கணினிக் காவல் – 9: பெயருக்குள் ஒரு கட்டளை

டெல்லி கரோல் பாக்கில் இருக்கும் காஃபர் மார்க்கெட்டில் போன் ரிப்பேர் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. பழைய போனோ லேப்டாப்போ வாங்குகிறவர் கையோடு கேட்பது, ‘பையா, வாட்ஸ்அப் டால் தோ’ (அண்ணா, வாட்ஸ்அப் போட்டுக் கொடுங்கள்). அந்த நிமிடத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் பெயரும் இணைப்பும் கோப்பும் அந்தக் கருவிக்குள் வரத் தொடங்கிவிடும். வருவது வெறும் எழுத்தாகவே இருக்கும்வரை கவலையில்லை. அது கட்டளையாக மாறிவிட்டால்?

மாறியிருக்கிறது. 1988-இல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் இணைய அரட்டை முறை, இன்றைய அரட்டைக் குழுக்களின் முன்னோடிகளில் ஒன்று. அதில் பேச லினக்ஸ்காரர்கள் பலர் பயன்படுத்திய மென்பொருள் எக்ஸ்-சாட். எதிரில் பேசுபவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்று பார்க்க அதில் ‘/டிஎன்எஸ்’ என்றொரு வசதி இருந்தது. கிடைத்த கணினிப் பெயரை அது அப்படியே ஒரு கட்டளை வரியில் ஒட்டி, ‘ஷெல்’ என்னும் கட்டளை ஏற்பானிடம் கொடுத்துவந்தது.

ஷெல்லுக்குச் சில குறிகள் தனிப்பொருள் தருபவை. அரைப்புள்ளியைக் கண்டால், ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். எனவே, தன் கணினியின் பெயரிலேயே இப்படிப்பட்ட குறியையும் அதன் பின்னே ஒரு கட்டளையையும் ஒருவர் வைத்துவிட்டால் போதும். அவர் யாரென்று விசாரித்தவரின் கணினியிலேயே அது ஓடும். வங்கிச் செலானில் பெயர் எழுதும் கட்டத்தில் ‘கந்தசாமி, லாக்கரைத் திறக்கவும்’ என்று எழுதியிருக்க, குமாஸ்தா எழுந்துபோய் லாக்கரைத் திறந்த கதைதான். இந்த ஓட்டை 2002-இல் பதிவானது. அதே மென்பொருளில், இணைப்பைச் சொடுக்கினால் பிரவுசரைத் திறக்கும் இடத்திலும் இதே கோளாறு 2000-இலேயே பிடிபட்டிருந்தது என்பதுதான் வேதனை.

விண்டோஸில் புகழ்பெற்ற ஐ.ஆர்.சி. மென்பொருளான எம்.ஐ.ஆர்.சி.யும் தப்பவில்லை. ஐ.ஆர்.சி. இணைப்பு ஒன்றுக்குள் கூடுதல் சொற்களைச் செருகி, வேறெங்கோ இருக்கும் அமைப்புக் கோப்பை அந்த மென்பொருள் ஏற்றும்படி செய்ய முடிந்தது. அந்தக் கோப்பின் வழியாகக் கட்டளைகள் ஓடின. 2019-இல் வந்த 7.55 பதிப்பில்தான் இது அடைக்கப்பட்டது.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் விண்டோஸுக்கான வாட்ஸ்அப்பில் இதன் உறவுக்காரக் கோளாறு ஒன்று வெளியானது. வந்த கோப்பைப் படம் என்று திரையில் காட்டும். திறக்கும்போதோ பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து, நிரலாக ஓட்டிவிடக்கூடும். 2.2450.6-க்கு முந்தைய பதிப்புகள் அனைத்திலும் இந்த ஆபத்து உண்டு.

நிரல் எழுதும் இளைஞர்களுக்கு: வெளியாள் தந்த எதையும் கட்டளை வரியில் ஒட்டாதீர்கள். ஷெல்லை நடுவில் விடாமல், நிரலையும் அதற்குரிய மதிப்பையும் தனித்தனியாகக் கொடுங்கள். கெட்ட குறிகளைப் பட்டியலிட்டு நீக்குவதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எந்த எழுத்துகளை அனுமதிப்பது என்று முடிவு செய்து, மற்றவற்றை மறுப்பதே பாதுகாப்பு. ‘-’ என்ற சிறு கோட்டில் தொடங்கும் பெயர்களையும் சந்தேகியுங்கள். அவற்றை விருப்பக் குறியீடாக எடுத்துக்கொள்ளும் நிரல்கள் ஏராளம்.

மற்றவர்களுக்கு: கடையில் பென் டிரைவிலிருந்து ஏற்றித் தரும் மென்பொருள் எந்தக் காலத்துப் பதிப்பு என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அதை நீக்கிவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்தோ புதிதாக இறக்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைக்காதீர்கள். தெரிந்தவர் அனுப்பினாலும் கோப்பின் முழுப் பெயரையும் பார்த்த பிறகே திறங்கள். இந்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு இத்தகைய ஓட்டைகள் குறித்த எச்சரிக்கைகளைத் தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. வாரம் ஒருமுறை அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.