கடலுக்குள் மூழ்கி எழும் வானிலைத் தூதன்

1982இல் நிலநடுக்கோட்டுப் பசிபிக் சூடேறிக்கொண்டிருந்தது. அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று அது. ஆனாலும் மாதக்கணக்கில் அதை யாரும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோன் எரிமலையின் கந்தகப் படலம் செயற்கைக்கோள்களின் பார்வையைக் கெடுத்தது. கடற்பரப்பு உள்ளதைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. கடலுக்குள் இறங்கி அளக்கவோ போதிய கருவிகள் கிடையாது. பெருவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் வறட்சி என்று விளைவுகள் வந்து நின்றன.

எல் நினோ மேலே தெரிவதற்கு முன்பே கீழே தொடங்கிவிடுகிறது. மேற்குப் பசிபிக்கில் தேங்கிய வெப்பம், பரப்புக்கு அடியில் அலையாகக் கிழக்கே நகர்ந்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தென் அமெரிக்கக் கரையைத் தொடும். காற்றின் போக்கை இரண்டு வாரத்துக்கு மேல் கணிப்பது கடினம், கடல் அப்படியல்ல. அதன் மேல் மூன்று மீட்டர் நீரே முழு வளிமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைத் தாங்கவல்லது. அடுத்த பருவத்தைக் கணிக்கும் கணினிக்கு முதலில் தெரியவேண்டியது கடலின் இன்றைய உள்நிலை. வரும் பத்தாண்டைக் கணிக்க இன்னும் ஆழத்துக்குப் போகவேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ஆர்கோ மிதவை. இருபது, முப்பது கிலோ எடையுள்ள உருளை, உச்சியில் ஆண்டெனா. சுழல்விசிறி கிடையாது. மீன் காற்றுப்பையை வைத்து ஏறி இறங்குவதுபோல, இதன் அடியில் ஒரு ரப்பர் பை இருக்கிறது. உள்ளிருக்கும் எண்ணெயைப் பம்பு அந்தப் பைக்குள் தள்ளினால் மிதவையின் எடை மாறாது, பருமன் மட்டும் கூடும். அது மேலே எழும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள்போல நீரோட்டத்தோடு அலைந்துவிட்டு, இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்துகொண்டே மேலே வருகிறது. செயற்கைக்கோளுக்குத் தகவலை அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்குகிறது.

1999இல் முதல் மிதவைகள் இறங்கின; 2007இல் மூவாயிரத்தை எட்டின. இன்று ஏறக்குறைய நாலாயிரம். தென்கடலில் கப்பல்களே அரிதாகப் போகும் பகுதிகளில் மிதவைகளைப் போட்டதில், நியூசிலாந்தின் 28 மீட்டர் நீளமேயுள்ள 'கஹரோவா' என்ற சிறு ஆய்வுக் கப்பலுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மிதவை தந்தன. கஹரோவா ஆயிரத்துக்கும் மேல் கொண்டுபோய் இறக்கியது. எந்த நாட்டின் மிதவையும் நீரோட்டத்தில் இன்னொரு நாட்டின் கடலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், கரையோர நாடுகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் நடைமுறையும் 1999இலேயே வந்தது.

இவ்வளவிலும் நான் மிகவும் மதிப்பது, அளவுகள் ஒரே நாளுக்குள் உலகத்தார் எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதைத்தான். இந்தியாவின் பங்கை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் கவனிக்கிறது. நமக்கும் இதில் நேரடிக் கணக்கு உண்டு: எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கும். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015உம் எல் நினோ ஆண்டுதான்.

மிதவையின் மின்கலம் நாலைந்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும். உலகெங்கும் விரிந்த இந்த மிதவை வலை அறுந்துபோகாமல் இருக்க ஆண்டுக்குச் சுமார் 800 புதிய மிதவைகள் தேவை. பெருங்கடல் நீரில் பாதி, இந்த மிதவைகள் எட்டாத இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழேதான் கிடக்கிறது. ஆறாயிரம் மீட்டர்வரை இறங்கும் மிதவைகளை இப்போது அங்கே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள்.