வைட்டமினிடம் தோற்ற மருந்து

1969-ஆம் ஆண்டு. லெவோடோபா என்ற புது மருந்தின் புண்ணியத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்த பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த நேரம். அப்போது நியூயார்க்கில் ரோஜர் டுவோய்சின், மெல்வின் யார், லூசியன் கோட்டே ஆகிய மூன்று மருத்துவர்கள் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார்கள். இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி6 கொடுத்தால், தணிந்திருந்த விறைப்பும் நடுக்கமும் திரும்பி வந்துவிடுகின்றன. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் "நரம்புக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று வாங்குகிறோமே, அதில் இருக்கும் அதே பி6தான். 10 முதல் 25 மில்லிகிராம் போதும், மருந்தின் பலனைக் கெடுக்க.

பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதத்தில் டோபமைனைச் சுரக்கும் மூளை செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. டோபமைனையே கொடுத்துவிடலாம் என்றால், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய அதற்கு வழியில்லை. லெவோடோபா நுழையும், உள்ளே போனதும் ஒரு நொதி அதை டோபமைனாக மாற்றிவிடும். தொல்லை என்னவென்றால், அதே நொதி குடலிலும் கல்லீரலிலும் கூடக் கொட்டிக் கிடக்கிறது. அது வேலை செய்யத் தேவையான துணைப்பொருள் வைட்டமின் பி6. ஆகவே பி6 கூடக் கூட, மூளைக்குப் போக வேண்டிய மருந்து பாதி வழியிலேயே டோபமைனாக மாறித் தீர்ந்துபோகிறது. கல்யாண வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சீர்வரிசைப் பலகாரத்தை வண்டியிலேயே பிரித்துத் தின்றுவிட்ட கதைதான்.

இப்படி வெளியில் உருவாகும் டோபமைன் சும்மாவும் இருப்பதில்லை, வாந்தியைத் தூண்டுகிறது. இதை முதலில் அனுபவித்தவர் மார்க்கஸ் குக்கன்ஹைம். 1913-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபாவா பீன்ஸ் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தவர், அதில் 2.5 கிராமைத் தானே விழுங்கிப் பார்த்துக் கடுமையாக வாந்தியெடுத்தார். பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளை 1937-இல் பிரித்துக் காட்டியவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். அது மருந்தாகப் பயன்பட இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் 1960-களின் கடைசியில், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்ல நாளொன்றுக்குப் பல கிராம் வரை ஏற்றி அதைச் சாதித்தார்.

பிறகு கார்பிடோபா வந்தது. அது மூளைக்குள் போகாது. வெளியே இருக்கும் நொதியை மட்டும் கட்டிப்போடும். இரண்டும் சேர்ந்த மாத்திரை 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிராம் கணக்கில் விழுங்கியது மில்லிகிராமுக்கு இறங்கியது, வாந்தி குறைந்தது, பி6 தகராறும் பெரும்பாலும் ஓய்ந்தது.

பெரும்பாலும்தான். அந்த நொதியை முழுதாக அடக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். நம் ஊரில் புழங்கும் சின்டோபா 110 மாத்திரையில் லெவோடோபா 100, கார்பிடோபா 10. வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை சாப்பிட்டால் கார்பிடோபா 30-தான் சேரும். ஆரம்பத்தில் பலருக்கு ஏன் குமட்டுகிறது என்பதற்கு அட்டையிலேயே ஒரு விடை இருக்கிறது. பூனைக்காலிப் பொடியில் கார்பிடோபா அறவே இல்லை. "இயற்கைதானே" என்று அதை மட்டும் நம்பிச் சாப்பிட்டுக்கொண்டு, கூடவே பி காம்ப்ளெக்ஸும் போடுகிறவர்களுக்கு அந்தப் பழைய தகராறு அப்படியே காத்திருக்கிறது.

கார்பிடோபாவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அது பி6-ஐயே பிடித்துக்கொண்டு உடலில் அதன் இருப்பைக் குறைக்கும். மிக அதிக அளவில் மருந்து எடுத்த சிலருக்கு வலிப்பு வந்து, பி6 கொடுத்த பிறகே அடங்கியிருக்கிறது.

பி6 மட்டுமல்ல, வேறு வைட்டமின்களும் இதில் சிக்குகின்றன. பாத மதமதப்பை எடுத்துக்கொள்வோம். பல வருடமாக லெவோடோபா சாப்பிடும் பெரியவர், கால் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்கிறார். வீட்டில் சர்க்கரை மேல் பழி போடுவார்கள். ஆனால் லெவோடோபா உடலில் சிதையும்போது ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடுகிறது. அதைத் திரும்பப் பயனுள்ளதாக்க பி12-உம் ஃபோலிக் அமிலமும் செலவாகின்றன. பி12 குறைந்தால் நரம்பு பழுதாகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறவராக இருந்தால், அதுவும் பி12-ஐக் குறைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம் இது. என்னைக் கேட்டால், நடுக்குவாதக்காரர்களுக்கு வைட்டமின் விஷயத்தில் உருப்படியான முதல் வேலை இதுதான். பார்க்காமல் கண்டபடி நரம்பு மாத்திரை போடுவது ஆபத்து: அளவுமீறிய பி6-உம் இதே மதமதப்பைக் கொண்டுவரும். தினமும் கிராம் கணக்கில் பி6 சாப்பிட்டு நடையே தள்ளாடிப்போனவர்களைப் பற்றி 1983-லேயே எழுதிவிட்டார்கள்.

நோயையே வைட்டமின் நிறுத்துமா என்றால், இதுவரை இல்லை. வைட்டமின் ஈ-யை 800 நோயாளிகளிடம் நடந்த டாடாடாப் ஆய்வில் நாளுக்கு 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கோஎன்சைம் கியூ10-க்கும் 2014-இல் அதே முடிவு. விலையுயர்ந்த டப்பாக்கள் மட்டும் இன்னும் விற்கின்றன.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் லெவோடோபாவையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கக் கூடாது. இரும்பு குடலிலேயே லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். பக்கவிளைவுக்குப் பயந்து லெவோடோபாவைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட மோசம். கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய நிலை வரலாம்.