தொண்டை நோவும் இதய நோயும்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது கோடைக்கானல். அங்குக் காற்று மெலிந்திருத்தலின், சமவெளியினின்று செல்லும் நலமுடையாரும் மேட்டில் ஏறுங்கால் மூச்சு வாங்குவர். சற்று நின்றால் அது தணியும். உடன்வருவோர் இயல்பாக நடக்க, இளைஞன் ஒருவன் மட்டும் பத்தடிக்கு ஒருமுறை நின்று இளைப்பானாயின், குறையை மலைமேல் ஏற்றலாகாது.

அவன் இதயம் பிறவியிலேயே பழுதுற்றதாக இருக்க வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வந்த தொண்டை நோவே காரணமாகலாம். எல்லாத் தொண்டை நோவும் இத்தகையதன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை புண்பட்டால், அதனை எதிர்க்க உடல் எழுப்பும் படையே சிலரிடம் சொந்த உறுப்புகளையும் தாக்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் வரும். வீக்கமும் வலியும் முழங்காலினின்று கணுக்காலுக்குத் தாவும். இதுவே கீல்வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரை உள்ளாரையே, அஃதாவது உங்கள் பருவத்தாரையே, இது மிகுதியாகப் பற்றும்.

மூட்டு வலி சுவடின்றி மறையும். இதயத்தில் வடு தங்கிவிடும். குருதியை ஒரு வழியே செலுத்தும் கதவு போன்ற இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டும். வாயில் குறுகவே, குருதி நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும்.

தொண்டைக்கு மிளகுக் கஷாயம் இதமளிக்கும். யான் அதனைப் பழிக்கவில்லை. ஆயினும் அக்கிருமியை ஒழிக்க அது போதாது. 1928-இல் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலின், நோவு தொடங்கி 9 நாள்களுக்குள் தரப்பெற்றால் கீல்வாதக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அக்காய்ச்சல் ஒருமுறை கண்டவர், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவ்வூசியைப் பல்லாண்டு போட்டுக்கொள்ளல் வேண்டும். இதழ் சிதைந்தே போனவர்க்குச் செயற்கை இதழ் பொருத்துவர். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான அத்தகைய இதழ் ஒன்று, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் வைக்கப்பட்டது.