பொருளைக் கொடுத்தோம், நம்மைக் கொடுத்தோமா?



பெற்றோருக்காகக் கேட்கும் ஒரு துஆவை நாம் நம் பிள்ளைகளுக்குச் சிறு பராயத்திலேயே கற்றுக்கொடுக்கின்றோம். குர்ஆன் மத்ரஸாவுக்குச் செல்லும் ஐந்து வயதுப் பிள்ளையும் அதனை மனனமாக ஓதும். சிறு வயதில் தன்னை வளர்த்தெடுத்ததைப் போன்று தன் பெற்றோர் இருவருக்கும் இரக்கம் காட்டுமாறு இறைவனிடம் இறைஞ்சும் துஆ அது. அல்குர்ஆனின் பதினேழாவது அத்தியாயமான ஸூரா அல்இஸ்ராவில் அல்லாஹ்வே அதனை நமக்குக் கற்றுத் தருகின்றான்.

இந்த துஆவில் பிள்ளை எதனை நினைவுகூர்கின்றது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பெற்றோர் சேர்த்து வைத்த காணியையோ, கட்டிக் கொடுத்த மாடி வீட்டையோ அது குறிப்பிடவில்லை. வளர்த்தமையையே குறிப்பிடுகின்றது. அல்லாஹ்வின் அருளுக்கு எல்லை கிடையாது. நம் வளர்ப்பில் குறை இருந்தால் அவன் இரங்கமாட்டான் என்று எவரும் கூற முடியாது. ஆயினும் நாளை நாம் முதுமையடைந்த பின்னர், அல்லது மண்ணறைக்குச் சென்ற பின்னர், நம் மகன் கையேந்தி அந்தச் சொற்களை மொழியும்போது அவன் மனக்கண்ணில் தோன்றுவது எது? தன்னை மடியில் இருத்திக் கதை கூறிய வாப்பாவா? மாதந்தோறும் வங்கிக்கு வந்து சேர்ந்த பணமா? இந்த வினாவுக்கான விடையை இன்று நாமே எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

பெருக்கத்தின் போட்டி

செல்வத்தைப் பெருக்கிக்கொள்ளும் போட்டி, மண்ணறையைச் சந்திக்கும் வரை மனிதனைப் பராக்காக்கி விடுகின்றது என ஸூரா அத்தகாஸுர் எச்சரிக்கின்றது. இப்போட்டி இன்று வீட்டுக்குள்ளும் புகுந்து, பிள்ளை வளர்ப்பையே தன் களமாக்கிக் கொண்டுள்ளது. அயல் வீட்டுப் பிள்ளையிடம் உள்ள கைத்தொலைபேசி நம் பிள்ளையிடமும் இருத்தல் வேண்டும். பெருநாளைக்கு மூன்று உடுப்பு வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் உறவினர் பிள்ளையை விட ஐந்து புள்ளியேனும் கூடுதலாகப் பெற வேண்டும். இவற்றுக்காகத் தந்தை இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக உழைக்கின்றார். பிள்ளையோ பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்புக்கு ஓடுகின்றது. ஒரே கூரையின் கீழ் உறங்கும் இருவர், விழித்திருக்கும் வேளையில் ஒருவரையொருவர் காண்பது அரிதாகி விடுகின்றது.

பொருளீட்டுவதை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. குடும்பத்துக்காக ஹலாலான வழியில் உழைப்பது நன்மையான காரியமாகும். செல்வத்தையும் பிள்ளைகளையும் இவ்வுலக வாழ்வின் அலங்காரங்கள் என ஸூரா அல்கஹ்ப் ஒருசேரக் குறிப்பிடுகின்றது. ஒன்றைப் பெறுவதற்காக மற்றையதை இழந்து விடுவதே நட்டமாகும்.

நமது மலைநாட்டின் நிலை

நாம் வாழும் ஊவா மண்ணையே எடுத்துக்கொள்வோம். பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆகிய நகரங்களில் நம் சமூகத்தவர் பலர் வியாபாரத்தை நம்பி வாழ்கின்றனர். பிள்ளை விழிக்கும் முன் கடைக்குச் செல்லும் தந்தை, இஷாவுக்குப் பின்னர் கடையை அடைத்து வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கிவிட்டிருக்கும். பண்டாரவளையில் சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமையில் கடைக்காரருக்கு ஓய்வு ஏது? பிள்ளைக்குப் பாடசாலை விடுமுறையான நாளே தந்தைக்கு வியாபாரம் மும்முரமான நாளாகும்.

சுற்றியுள்ள தோட்டங்களில் நிலைமை இதனினும் கடினமானது. அங்கு தாயும் வேலைக்குச் சென்றேயாக வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறுவது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வாழ்க்கை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியது 2021ஆம் ஆண்டில். அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது 2024ஆம் ஆண்டில். இடையில் வந்த 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, கூடிய சம்பளத்தை விலைவாசியால் விழுங்கி விட்டது.

இத்தகைய வறுமையே தோட்டத்திலும் கிராமத்திலும் இன, மத வேறுபாடின்றிப் பல தாய்மாரை மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாக அனுப்பி வைத்தது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஆண்களும் பெண்களுமாக 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர்.

வெளிநாடு செல்லும் பெண்களின் பிள்ளைகள் குறித்து அரசாங்கம் 2013ஆம் ஆண்டில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை என அது அழைக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல இயலாது. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகள் இருப்பின் அவர்களைப் பராமரிக்க ஒருவரைக் காட்ட வேண்டும் என்று அது விதித்தது. நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவைப்பட்ட அளவு 2022இல் குறைந்துவிடவில்லை. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது.

இந்த நடைமுறையில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொரு விடயமும் உண்டு. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி தாயிடம் மாத்திரமே கேட்கப்பட்டது. வெளிநாடு செல்லும் தந்தையிடம் அதனை எவரும் கேட்கவில்லை. ஊரில் இருந்துகொண்டே பிள்ளையின் முகத்தைப் பாராத தந்தையிடமும் கேட்கவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள், நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர் என்றும், தன் பொறுப்பிலுள்ளோர் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்றும் கூறியபோது, ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பெயர் சுட்டிக் கூறினார்கள். மறுமையின் விசாரணையில் தந்தைக்கு விதிவிலக்குக் கிடையாது.

ஆகவே, வறுமையினால் பிரிந்து சென்ற தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. பிள்ளைக்குச் சோறு போடுவதற்காகவே பிள்ளையைப் பிரிந்தவர் அவர். விருப்பத்தினால் விலகியிருப்போரே தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டின் முன்னறையில் அமர்ந்தவாறே கைத்தொலைபேசித் திரையில் மூழ்கியிருக்கும் வாப்பாவும், அழும் குழந்தையின் கையில் அதே தொலைபேசியைக் கொடுத்துச் சமாதானம் செய்யும் உம்மாவும் எந்த வறுமையினால் அவ்வாறு செய்கின்றனர்?

பிள்ளைக்குத் தேவைப்படுவது

பிரித்தானிய மனநல மருத்துவரான ஜோன் போல்பி, 1951ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை தயாரித்தார். உலக யுத்தத்தின் பின் வீடிழந்த பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து எழுதப்பட்டது அது. தாயுடனோ, தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் வேறொருவருடனோ, அன்பு நிறைந்த, இடையறாத உறவு சிறு பிள்ளையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பது அவரது முடிவு. இங்கு இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தாய் இல்லாத வீட்டில் உம்மும்மாவோ, சாச்சியோ, தந்தையோ அந்த இடத்தை நிரப்ப முடியும். ஆனால் அவர் நிலையாக இருத்தல் வேண்டும். மாதத்துக்கு ஒரு வீடாகப் பிள்ளையை மாற்றி மாற்றி அனுப்புதல் கூடாது. அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை தேவையில்லை எனவும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது எனவும் அறிவுறுத்தியது. திரை பேசும், பிள்ளை கேட்கும். ஆனால் பிள்ளை பேசினால் திரை கேட்காது.

பிள்ளை பேசுவதைக் கேட்டல் எத்துணை முக்கியமானது என்பதற்கு யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு சான்றாகும். சிறுவனாக இருந்த அவர் ஒரு கனவு கண்டார். அதை அவர் நேரே தந்தை யஃகூப் (அலை) அவர்களிடம் சென்று கூறினார். தந்தை சிரித்து ஒதுக்கவில்லை. முழுமையாகச் செவிமடுத்து, கனிவாக அழைத்து, அதனைச் சகோதரரிடம் கூற வேண்டாம் என்று ஆலோசனையும் வழங்கினார். நம் பிள்ளை ஒரு கனவு கண்டால், ஓர் அச்சம் கொண்டால், பாடசாலையில் ஓர் அவமானம் நேர்ந்தால் முதலில் யாரிடம் சொல்லும்? நம்மிடம் சொல்லாத பிள்ளை வேறு எவரிடமோ சொல்லும். அந்த எவரோ நல்லவராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் சுமந்திருந்தார்கள். அவர்களை விட வேலை மிகுந்தவர் எவருமிலர். எனினும் அனஸ் (ரழி) அவர்களின் சிறிய சகோதரரான அபூ உமைர், தாம் விளையாடிய சிட்டுக்குருவி இறந்து கவலையுற்றிருந்தபோது, அக்குருவியைப் பற்றி அவரிடம் அன்புடன் விசாரித்தார்கள். பேரர் ஹஸனை முத்தமிட்டபோது, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ இப்னு ஹாபிஸ். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்பதே அவருக்குக் கிடைத்த பதிலாகும். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரழி) அவர்களிடம், குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரழி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என நபியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். வணக்கமே குடும்பத்தின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், வியாபாரம் பறிக்கலாமா?

இன்றே தொடங்குவோம்

பெற்றோர்களே! பெரிய மாற்றங்கள் தேவையில்லை. கடை வைத்திருப்போர் ஸுப்ஹு தொழுகைக்குப் பின் பிள்ளைக்கென அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அல்லது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கடையைப் பிறரிடம் ஒப்படைத்து வீட்டுக்கு வாருங்கள். அந்நேரத்தில் தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன்னர், இன்று யாருடன் விளையாடினாய் என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தாய்மாரே! சவூதி, குவைத், கட்டார் ஆகிய நாடுகளின் நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கு இரவு பத்து மணிக்கு உங்கள் வேலை ஓயும்போது இங்கு நள்ளிரவு பன்னிரண்டரை; பிள்ளை உறக்கத்தில் இருக்கும். எனவே உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள். காலையில் பாடசாலைக்குப் புறப்படும் முன் உங்கள் ஸலாத்தை அது கேட்கட்டும். பெட்டி நிறையப் பொருள் அனுப்புவதை விட அந்த ஒரு நிமிடக் குரல் பிள்ளைக்குப் பெறுமதியானது. ஊரில் உள்ள கணவர்மாரே! உங்கள் மனைவி அனுப்பும் பணத்துக்கு மட்டும் நீங்கள் பொறுப்பாளர்கள் அல்லர். அவர் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கும் நீங்களே பொறுப்பாளர்கள்.

இளைய சகோதர, சகோதரிகளே! உங்களில் சிலர் தாயின் முகத்தை விடத் தாயின் புகைப்படத்தை அதிகம் பார்த்து வளர்ந்திருக்கலாம். அந்த வேதனை உண்மையானது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உங்கள் பாடப் புத்தகமும் காலணியும் அந்நிய வீடொன்றில் அவர் கழுவிய பாத்திரங்களிலிருந்தும் தேய்த்த தரைகளிலிருந்தும் வந்தவை என்பதையும் மறந்து விடாதீர்கள். அவர் ஊர் திரும்பினால் அருகில் அமர்ந்து பேசுங்கள். இழந்த ஆண்டுகள் மீளா. எஞ்சிய ஆண்டுகள் இருக்கின்றன. நாளை நீங்கள் தாயாகும்போது, தந்தையாகும்போது, உங்களுக்குக் கிடைக்காததை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்.

பொருளை மட்டுமே பெற்று வளர்ந்த பிள்ளை, பெற்றோரின் முதுமையில் பொருளையே திருப்பித் தரும். மருந்துக்குப் பணம் வரும், மகன் வரமாட்டான். அருகிலிருந்து வளர்க்கப்பட்ட பிள்ளை அருகில் வந்து அமரும் என்று நாம் ஆதரவு வைக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரகத் செய்வாயாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக! நாங்கள் மறைந்த பின்னரும் எங்களுக்காக அன்புடன் கையேந்தும் பிள்ளைகளை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.