களை என்று பிடுங்க வேண்டாம். கருவண்டுக்கு அது விருந்து

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குச் செண்டுடுக் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மரங்களுக்கிடையே முளைத்தால் களையென்று வெட்டி எறியப்பட்ட செடி அது. அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். ‘மெலஸ்டோமா’ என்ற அறிவியல் பெயருக்கே கிரேக்க மொழியில் ‘கறுத்த வாய்’ என்றுதான் பொருள்.

மலேசியா, சிங்கப்பூர் மண்ணில் இயற்கையாக வளரும் இச்செடிக்கு வீட்டுத் தோட்டத்தில் ஏன் இடம் தர வேண்டும்? விடை அதன் ஊதாப் பூவில் இருக்கிறது.

அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப் பைகளின் நுனியிலுள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கிறது. தேனீ வகையைச் சேர்ந்த பெரிய கருவண்டு, பூவைப் பற்றிக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடலை அதிரச் செய்யும். பவுடர் டப்பாவைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். குட்டையான மஞ்சள் மகரந்தப் பைகள் வண்டுக்கு உணவாகின்றன. நீளமான ஊதாப் பைகள் வண்டின் உடலில் மகரந்தத்தைப் பூசி, அடுத்த பூவுக்கு அனுப்பிவைக்கின்றன. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

இதனால் நமக்கென்ன லாபம் என்று கேட்கலாம். கத்தரி, தக்காளிப் பூக்களின் அமைப்பும் இதே போன்றதுதான். அதிர வைக்கும் வண்டு வந்துபோனால் அவை நன்றாகக் காய்க்கும். செண்டுடுக் பூ ஒரு நாளில் வாடினாலும், ஆண்டு முழுவதும் புதுப்பூக்கள் மலர்வதால் வண்டுக்கு உணவு தடைப்படாது. தேனுக்குப் பக்கத்திலேயே ஒரு மார்க்கிசாக் கொடியைப் படரவிடலாம். அதன் பூவையும் கருவண்டு நாடிவரும்.

வளர்ப்பது எளிது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். பெரிய பூச்சாடியிலும் வளரும். காட்டிலிருந்து பிடுங்கி வராமல், நாற்றுக்கடையில் வாங்குவதே முறை. விட்டுவிட்டால் ஆள் உயரத்தையும் தாண்டிவிடும். ஆனால் அழகுக்காக வேலிபோல் அடிக்கடி கத்தரித்தால் பூக்காது. மொட்டு கிளை நுனியில்தான் வரும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்த கிளைகளை மட்டும் குறைத்தால் செடியும் ஒழுங்காக இருக்கும், பூவும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதே குடும்பத்தைச் சேர்ந்த, இலையில் இதைப் போலவே நீள நரம்புகள் ஓடும் கிளிடேமியா என்ற செடியும் இங்கு உண்டு. அது வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்து காடுகளில் பரவும் செடி. சிறிய வெள்ளைப் பூவைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். அதை வளர்க்கக் கூடாது.

பூத்திருக்கும் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் கூடாது. கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும். சீண்டினாலன்றி எளிதில் கொட்டாது. பட்டுப்போன ஒரு மரக்கட்டையைத் தோட்டத்து மூலையில் விட்டுவைத்தால், விருந்துக்கு வந்த வண்டு அங்கேயே குடியும் ஏறக்கூடும்.